கதிரை போன பிறகு

அவர் செத்தவீட்டுக்கு வரமாட்டார். எங்கள் சபையில் அவரைப்பற்றி இருந்த பெரிய முறைப்பாடே அதுதான். யாராவது மோசம்போனால், தேவாலய மணி அடித்து முடிவதற்குள் முழுச் சனமும் அந்த வீட்டு முற்றத்தில் நிற்கும். அவரை மட்டும் காணக்கிடைக்காது. "ஊழியக்காரியெண்டு பேர். ஒரு சாவுக்கு முகம் காட்டத் தெரியாது," என்று பெண்கள் சங்கத்து ஆட்கள் வாசலில் நின்றே கதைப்பார்கள். நானும் கதைத்திருக்கிறேன். என் வாய் எப்போது சும்மா கிடந்தது?

அவர் வருவது கதிரை போன பிறகு. வாடகைக்கு எடுத்த பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சின்ன லொறியில் ஏற்றுவார்களே, அதற்கு அடுத்த நாள். கதிரைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்: "தம்பி, ஏத்தேக்கை எனக்கொரு கோல் அடி." மறுநாள் பின்னேரம் அந்த வீட்டுப் படலைக்கு வெளியே ஒரு பழைய பெண்கள் சைக்கிளின் பிரேக் கிறீச்சென்று கத்தும். கரியலில் ஒரு பை. பைக்குள் சிவப்பு நிறப் பிளாஸ்க் ஒன்று, கோப்பை இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துணியில் சுற்றிய வேதாகமம்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. சபைப் பத்திரிகையில் ஒரு முறை பெயர் போட்டதற்கு, போட்டவரோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தவர் அவர். நாங்கள் அன்ரி என்போம். அம்மாவுக்கு மட்டும் அக்கா. உடுப்பிட்டியில் தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறை வீட்டில் தனியே இருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் பிழைத்தார். பாட வராது, ஆனாலும் பாடுவார். தேத்தண்ணிக்குச் சீனி போட ஆரம்பித்தால் கை நிற்காது.

எங்கள் வீட்டுக்குக் கதிரை வந்தது என் தம்பிக்காக.

நிரோஷனுக்கு இருபத்திமூன்று வயது. நெல்லியடியில் ஒரு கடையில் போன் திருத்துகிறவன். அப்பா நோயில் போய் ஆறு வருடம். அம்மா, நான், அவன், இவ்வளவுதான் வீடு. அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மா, "இப்ப போனா றோஸ் பாண் சூடாக் கிடைக்குமடா, ஒண்டு வாங்கிக்கொண்டு வா," என்றார். அவனுடைய சைக்கிளுக்குக் காற்றில்லை. கதைத்துக்கொண்டிருக்க வந்த சிநேகிதனின் மோட்டார்சைக்கிளையும் ஹெல்மெற்றையும் எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சிநேகிதனோடு யாருக்கோ மைதானத்தில் தொடங்கிய கொளுவல் ஒன்று இருந்தது. பேக்கரிக்கு முன்னால் மூன்று பேர் வாளோடு நின்றார்கள். மோட்டார்சைக்கிளைப் பார்த்தார்கள், ஹெல்மெற்றைப் பார்த்தார்கள், வெட்டினார்கள். ஹெல்மெற்றைக் கழற்றிய பிறகுதான் ஆள் வேறு என்று தெரிந்ததாம்.

"ஆள் மாறிப்போச்சு." பொலிஸ்காரரும் சொன்னார், சொந்தக்காரரும் சொன்னார்கள், பேப்பரிலும் எழுதினார்கள், ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி. சரியான ஆளை வெட்டியிருந்தால் சரியோ? என்ன கோதாரி ஆறுதல் அது?

அடக்க ஆராதனை நடந்தது. எங்கள் போதகர் வந்து மூன்று மாதம்தான், நல்ல பிள்ளை, நான் குறை சொல்லவில்லை. பிரசங்கம் முடிகிற இடத்தில், "இந்தத் தாய் அவர்களை மன்னித்துவிட்டார்," என்றார். முன் வாங்கில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோள் என் கைக்குள்ளேயே கல்லாகிப்போனது. அம்மாவிடம் யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. பின் வாங்குகளில் சனம் விம்மி அழுதது. அதற்குப் பிறகு ஒரு கிழமை ஒவ்வொரு பின்னேரமும் வீட்டில் ஜெபக்கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்து, "உங்கடை விசுவாசம் ஆருக்கு வரும்!" என்றார்கள். கண்டறியாத மன்னிப்பு. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சாப்பிடவும் இல்லை. பாண் வாங்க அனுப்பிய வாய்க்கு இனி என்னத்துக்குச் சாப்பாடு என்று ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேலைன் ஏற்றினோம். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள் நான். இப்படியே போனால் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தம்பியைப் புதைத்த கையோடு அம்மாவையும் புதைக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

எட்டாம் நாள் கதிரை போனது. ஒன்பதாம் நாள் பின்னேரம் சைக்கிள் பிரேக் கத்தியது.

கட்டிப்பிடித்து அழவில்லை. "என்ன மாதிரி?" என்று கேட்கவில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து இருந்த நிலத்தில் தானும் போய்ச் சாய்ந்தார். முழங்கால் மடங்க மறுத்ததற்கு முழங்காலை ஏசினார். பிளாஸ்கைத் திறந்து இஞ்சி போட்ட பால் தேத்தண்ணியை ஒரு கோப்பையில் ஊற்றி, அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"அன்ரி, அம்மா ஒண்டும் எடுக்கிறாவில்லை. ஏதும் வசனம் சொல்லிப் பாருங்கோ," என்றேன்.

"முதல்லை தேத்தண்ணி," என்றார். "வசனத்துக்குக் கால் இருக்கு. அது ஆறுதலா வரும்."

அம்மா தொடவில்லை. தேத்தண்ணி ஆடை கட்டியது. அரை மணித்தியாலம் கழித்து அன்ரி கண்ணை மூடாமலே, பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி, "ஆண்டவரே, இஞ்சை இருக்கிறம்," என்றார். அதுதான் ஜெபம். ஆமேன்கூட இல்லை. எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும். ஆறாம் நாள் நான் வேலையால் வந்தபோது கோப்பை காலியாகக் கிடந்தது. அன்ரி இரண்டாம் தரம் ஊற்றப் பிளாஸ்கைச் சரித்தார். அம்மா உள்ளங்கையால் கோப்பையை மூடி, "காணும்," என்றார். எனக்கு அது காணாதா? குசினிக்குள் போய் நின்று சுவரில் தலையை முட்டிக்கொண்டேன், சந்தோசத்தில்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். ஒரு கோப்பை, பிறகு அம்மாவின் கை. பாதிப் பிளாஸ்க் அப்படியே திரும்பப் போகும். மெல்ல மெல்லக் கஞ்சியும் இறங்கத் தொடங்கியது. எனக்குப் பழைய வாயும் திரும்பி வந்தது. "மிச்சத்தை வீட்டை கொண்டுபோய் ஒளிச்சுக் குடிக்கிறியளோ அன்ரி?" என்று பகிடி விட்டேன். "வழியிலையே முடிஞ்சிடும் பிள்ளை," என்று சிரித்தார்.

ஒரு நாள் சபையிலிருந்து ஒரு மனுசி வந்தார். ஆட்டுக்கால் சூப்போடு வந்தார், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். போகும்போது, "ஆண்டவருக்கு அவன் தேவைப்பட்டிருக்கிறான், அதுதான் கூப்பிட்டிட்டார்," என்றார். அம்மாவின் முகம் மறுபடி கல்லாகப் போவதைக் கண்டேன். அன்ரி கோப்பையை வைத்துவிட்டு, "அவருக்கு என்னத்துக்கு? அவரிட்டை ஆக்கள் இல்லையோ? இவவிட்டை ஒருத்தன்தான் இருந்தவன்," என்றார். அந்த மனுசி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா அன்று முதன்முதலாக வாய்விட்டு அழுதார். பத்து நாளுக்கு மேலாக உள்ளே கிடந்த அழுகை. வெளியே வந்த சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. ஆண்டவரைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டார். "கேளுங்கோ," என்றார் அன்ரி. "வடிவாக் கேளுங்கோ. அவர் தாங்குவார்."

வேதாகமத்தைத் துணி அவிழ்த்து எடுத்தது ஒரே ஒரு நாள்தான். அதுவும் அம்மாவே, "ஏதும் வாசியுங்கோ அக்கா," என்று கேட்டதால். சங்கீதம் ஒன்றை வாசித்தார். பாடுகிறவன், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று ஆண்டவரைக் கேட்கிறான். எனக்கு அந்தச் சங்கீதம் தெரியும். முடிவில் ஆறுதல் வரும், துதி வரும். அது வருவதற்கு முன்னாலேயே அன்ரி மூடிவிட்டார்.

"மிச்சம் இருக்கே அன்ரி?"

"இருக்கு. இண்டைக்கு உண்மை இவ்வளவும்தான். மிச்சத்தை அம்மா கேக்கிற அண்டைக்கு வாசிப்பம்."

அவரைப்பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. படலை வரை கூடப் போனபோது கேட்டேன்: "உங்கடை வீட்டிலை ஆக்கள் போனபோது, உங்களோடை ஆர் வந்து இருந்தது அன்ரி?" கணவனும் இரண்டு பெண்பிள்ளைகளும் கடைசி யுத்தத்தில், ஒரே ஷெல்லில் என்று ஊருக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கதிரையே வரேல்லைப் பிள்ளை. பெட்டியும் இல்லை. மண்ணாலை மூடிப்போட்டு ஓடினதுதான்." பிறகு ஏறி மிதித்தார். நான் படலையைப் பிடித்தபடி நின்றேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்ததை இனித்தான் சொல்லவேண்டும்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை. பஸ் ஓடவில்லை என்று ஓட்டோவில் வந்தேன். வழக்கமான வழியில் றோட்டு வேலை. ஓட்டோக்காரர் அடுத்த ஊருக்குள்ளால் விட்டார். ஒரு தகர வேலியில் அன்ரியின் சைக்கிள் சாத்தியிருந்தது. அந்த வேலி எனக்குத் தெரியும், பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். முதல் வெட்டு வெட்டினவனின் வீடு அது. பத்தொன்பது வயது, பொலிஸ் பிடித்து மறியலில் போட்டிருந்தது. ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னேன். திறந்து கிடந்த கதவுக்குள்ளால் தெரிந்தது: சாமிப் படத்துக்குக் கீழே சுவரோடு சாய்ந்து ஒருத்தி. பக்கத்தில் அன்ரி, அதே மாதிரி முழங்காலை நீட்டிக்கொண்டு. நடுவில் சிவப்புப் பிளாஸ்க்.

அடுத்த நாள் ஞாயிறு. பின்னேரம் படலைக்குள்ளேயே அவரை மறித்தேன்.

"அங்கை உங்களுக்கு என்ன வேலை?"

எங்கே என்று கேட்டு நடிக்கவில்லை. "அந்தத் தாயும் தின்னாமல் குடியாமல் கிடந்தவ," என்றார்.

"என்ரை தம்பியை வெட்டினவனைப் பெத்தவள்!"

"ஓம் பிள்ளை."

"அவை சைவக்காரர். அவையையும் சபையிலை சேக்கப்போறியளோ?"

"அங்கை நான் வாயே திறக்கிறேல்லை. அவ தன்ரை சாமியைப் பாத்துக்கொண்டு இருப்பா. நான் மனசுக்குள்ளை என்ரை ஆளோடை கதைப்பன்."

"அவளுக்கும் உந்தப் பிளாஸ்கிலையிருந்தோ? என்ரை அம்மா குடிச்ச மிச்சமோ அங்கை போறது?"

"ஓம்," என்றார். "என்னட்டை ஒரு பிளாஸ்க்தானே இருக்கு."

அந்தப் பதிலில் எனக்கு விசர் பிடித்தது. பையைப் பறித்துப் பிளாஸ்கை எடுத்துக் கிணற்றுக் கட்டில் எறிந்தேன். உள்கண்ணாடி உடைகிற சத்தம் பொசுக்கென்று கேட்டது, பெரிதாக இல்லை. அன்ரி போய் அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே கண்ணாடித் துண்டுகள் கிலுங்கின. பைக்குள் வைத்தார். "அம்மாவுக்கு நீ எண்டாலும் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடு," என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறக்கூட இல்லை.

உள்ளே வந்தேன். வெற்றி வீராங்கனை மாதிரி எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆறாம் நாள் அக்கா சொன்னவ. அங்கையும் ஒருத்தி குடியாமல் கிடக்கிறாள், நீங்கள் தொடாத தேத்தண்ணியை அங்கை கொண்டுபோகவோ எண்டு கேட்டவ. எனக்குப் பத்தி எரிஞ்சுது பிள்ளை. எனக்குக் கொண்டந்த தேத்தண்ணி அவளுக்கோ எண்டு, பறிச்சுக் குடிச்சன். எரிச்சலிலைதான் குடிச்சனான். குடிச்சு முடிய அக்கா பேந்தும் ஊத்த வந்தா. பிளாஸ்கிலை பாதி கிடந்துது. என்ரை கை தன்பாட்டிலை போய் மூடிச்சுது."

நான் அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் குந்தினேன்.

"மன்னிச்சிட்டனெண்டு நினையாதை," என்றார் அம்மா. "உந்தப் போதகர் சொன்ன மாதிரி நான் ஒருத்தரையும் மன்னிக்கேல்லை. அவளின்ரை பிள்ளை மறியலிலை எண்டாலும் மூச்சு விடுறான். அதை நினைக்க எனக்கு நெஞ்சு வெடிக்குது. ஆனா அவளின்ரை வீட்டுக்கு ஆர் கதிரை கொண்டு வாறது, பிள்ளை?"

அந்த இரவு அம்மா சாப்பிடவில்லை. நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. மறுநாளும். செவ்வாய்க்கிழமை மதியம் நான் கடையில் அரை நாள் லீவு சொல்லி, நெல்லியடியில் ஒரு பிளாஸ்க் வாங்கிக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போனேன். மெசினில் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருந்தது. மன்னியுங்கோ என்று வழி முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டு போன வாய், வாசலில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்கை நீட்டினேன். அவர் மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், கையால் நிறை பார்த்தார்.

"சூடு நிக்குமோ இது?"

"நிக்குமெண்டு சொன்னவங்கள்."

"பழசிலை ரெண்டு பேருக்குத்தான் காணும். இது பெரிசு. மூண்டு பேருக்கு வரும்." அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கி ஒரு கோப்பை ஊற்றி என் கையில் தந்தார். "நீ இன்னும் குடிக்கேல்லையே பிள்ளை. இவ்வளவு நாளும் அம்மாவையே பாத்துக்கொண்டு நிண்டாய். உன்ரை தம்பியும்தானே அவன்."

நான் அவனுக்காக அதுவரைக்கும் அழவே இல்லை. அன்றைக்கு அந்தத் தையல் மெசினுக்குப் பக்கத்தில், வெட்டிப்போட்ட வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவில் இருந்து அழுதேன். தேத்தண்ணி தாங்கேலாத சீனி. மன்னிப்புக் கேட்கவே இல்லை. பிறகு கேட்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு என்று ஒன்று வரவில்லை. தம்பி போய் எட்டாம் மாதம் ஒரு மத்தியானம், மெசினுக்கு முன்னால் இருந்தபடியே தலையைச் சாய்த்துவிட்டார். ஊசிக்குக் கீழே யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக் கை பாதி தைத்தபடி நின்றது. செத்தவீட்டுக்கு வராத மனுசிக்கு எங்கிருந்தெல்லாமோ சனம் வந்தது. இருந்த கதிரை காணாமல் தேவாலய வாங்குகளையும் தூக்கி வந்து போட்டார்கள். போதகர் கல்லறையில் ஒன்றும் பேசவில்லை. "ஆண்டவரே, இஞ்சை இருக்கிறம்," என்று மட்டும் சொன்னார். அவர் நல்ல பிள்ளை என்று முன்னமே சொன்னேன்.

ஆனால் அன்ரிக்குத்தான் வீட்டில் ஒருவரும் இல்லையே. கதிரையை மறுநாளே ஏற்றுவதாகச் சொன்னார்கள். மறுநாள் பின்னேரம் அம்மா தலையை இழுத்து முடிந்துகொண்டு சொன்னார்: "பிள்ளை, ஒரு றோஸ் பாண் வாங்கிக்கொண்டு வா."

எட்டு மாதமாக எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் வந்ததில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அதே பேக்கரி. அதே இடத்தில் சைக்கிளை நிற்பாட்டினேன். பேப்பரில் சுற்றித் தந்த பாண் கைக்குள் சுட்டது. எப்படி வீட்டுக்கு மிதித்து வந்தேன் என்று தெரியாது.

அன்ரி கடைசியாக எங்கள் வீட்டில் விட்டுப்போன பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி ஊற்றி, இரண்டு கோப்பையும் எடுத்துக்கொண்டு இருவரும் நடந்துபோனோம். கதிரைக்காரர் கடைசி அடுக்கை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பூட்டிய வீட்டின் படியில் எங்களுக்கு முன்னாலேயே ஒருத்தி வந்து இருந்தாள். கையில் ஒன்றுமில்லை. எங்களைக் கண்டதும் எழும்பி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அம்மா இதற்கு முன் அவளைக் கண்டதில்லை. நான் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

லொறி போனது. முற்றம் பெரிதாகக் கிடந்தது.

அம்மா படியின் மறு ஓரத்தில் இருந்தார். ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தார். பாணைப் பிய்த்தார், சரி பாதியாக. தன் பாதியிலிருந்து ஒரு துண்டை வாயில் வைத்து, விழுங்க முடியாமல் கனநேரம் வைத்திருந்து, கடைசியில் விழுங்கினார். மற்றப் பாதியைப் பேப்பரோடு படியில் வைத்தார். பிளாஸ்கை மூடி அதற்குப் பக்கத்தில் வைத்தார். அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஆண்டவரே," என்றார் பூட்டிய கதவைப் பார்த்து. "இஞ்சை இருக்கிறம்."

என் கையைப் பிடித்து எழும்பினார். படலையடியில் நின்று, "நான் மன்னிக்கேல்லைப் பிள்ளை," என்றார்.

"தெரியும் அம்மா."

பின்னால் பிளாஸ்க் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.